அம்மா எழுதிய கை

டாட்டூ குத்திக்கொள்வது என்று முடிவெடுத்த பிறகு மூத்தவள் செய்த முதல் காரியம், ஸ்கேலை எடுத்துத் தன் இடது முன்கையை அளந்ததுதான். மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை இருபத்து மூன்று சென்டிமீட்டர். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் அளந்தாள். இருபத்திரண்டரை வந்தது. எதை நம்புவதென்று தெரியாமல் இரண்டையும் நோட்டில் குறித்துவைத்தாள். மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை பார்ப்பது அவள் வேலை. ஒரு புள்ளி காணாமல் போனால் அரை மில்லிகிராம் ஐந்து மில்லிகிராம் ஆகிவிடும் என்ற பயத்திலேயே பதினொரு வருடம் ஓடியிருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

உடம்பில் ஒரு படம் போட்டுக்கொள்ளும் ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. அந்த முன்கையில் ஒரு காலத்தில் அம்மா எழுதிக்கொண்டிருந்தாள். அந்த எழுத்து மறுபடி அங்கே வரவேண்டும், இந்தத் தடவை அழியக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அம்மா ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டு நர்ஸ். காலை ஆறு மணி டியூட்டிக்கு ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாள். அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அவரைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. அதனால் விடிந்து பிள்ளைகள் எழுந்திருக்கும்போது வீட்டில் பெரிய ஆள் என்று சொல்ல ஒன்பது வயது மூத்தவள்தான். முதலில் அம்மா ஒரு காகிதத்தில் செய்ய வேண்டியதை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். அப்போது தம்பிக்கு நாலு வயது. காகிதத்தைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. ஒருநாள் 'கேஸ் வாடை வருகிறது, அடுப்பைத் தொடாதே' என்ற காகிதம் ராக்கெட்டாக மடிந்து ஜன்னல் வழியே பறந்து போய்விட்டது. நல்லவேளையாக மூத்தவள் அன்றைக்குப் பாலைச் சுட வைக்காமலே கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்த அம்மா யாரையும் திட்டவில்லை. மறுநாள் விடியற்காலை கட்டிலுக்கு வந்து, தூங்குகிற மகளின் இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, பால்பாயிண்ட் பேனாவால் அதன்மேல் எழுதிவிட்டுப் போனாள். காகிதம் தொலையும், கை எங்கே போகும் என்பது அவள் கணக்கு.

அன்றிலிருந்து ஆறு வருடம் மூத்தவள் கண் விழித்ததும் முதலில் படித்தது தன் கையைத்தான். வார்டு நோட்டில் எழுதுகிற பழக்கம் அம்மாவுக்கு அப்படியே வரும். முதலில் நேரம், பிறகு காரியம். '7.00 தம்பியை எழுப்பு. பால் மூடி இருக்கு. சாவி ஷூவுக்குள்.' கொஞ்சலும் இருக்காது, கோபமும் இருக்காது. பேனா முனை கூசும். விழித்திருந்தாலும் தூங்குவதுபோலவே கிடப்பாள். அசைந்தால் அம்மா சீக்கிரம் முடித்துக்கொண்டு போய்விடுவாளோ என்று பயம்.

தம்பிக்கு அப்போது படிக்கத் தெரியாது. மூத்தவள் கையை நீட்டி, அம்மா என்ன எழுதியிருக்கிறாள் பார், உன் பிஸ்கட்டில் பாதி எனக்குத் தரணுமாம் என்பாள். அவன் கொஞ்ச நேரம் அந்த எழுத்துகளை முறைத்துப் பார்த்துவிட்டு, பாதி பிஸ்கட்டை உடைத்துக் கொடுப்பான். இந்த அக்கிரமம் இரண்டு மாதம் நடந்தது. ஒருநாள் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, பிஸ்கட் என்ற வார்த்தையே இங்கே இல்லையே என்றான். பள்ளிக்கூடம் போகும் முன்பே பையன் எப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டான் என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அக்கா ஏமாற்றியதால் கற்றுக்கொண்டேன் என்று இப்போது கப்பலில் சமையல்காரனாக இருக்கிற அவன் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை தலைமை ஆசிரியை கூப்பிட்டு, பெண்பிள்ளை கையில் இதென்ன கிறுக்கல், வீட்டில் சொல்லு என்று கண்டித்தார். அதற்கு அம்மாவின் பதிலும் மறுநாள் கையிலேயே வந்தது. 'தலைமை ஆசிரியை அவர்களுக்கு: மன்னிக்கவும். இனிமேல் முழுக்கைச் சட்டைக்குள் மறையும்படி எழுதுகிறேன்.' ஆசிரியை அதைப் படித்துவிட்டுப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட எழுத்து. அதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. எல்லாம் சாயங்காலம் சோப்பில் போய்விட்டது.

இரண்டு வருடம் முன்பு அம்மா ஓய்வு பெற்றாள். அதற்குப் பிறகு படிவம் நிரப்ப வேண்டுமென்றால் கண்ணாடி எடுத்து வரவில்லை என்பாள். கூரியர் ஆள் கையெழுத்துக் கேட்டால் கை ஈரம் என்று மகளைக் கூப்பிடுவாள். ஒருநாள் மளிகைப் பட்டியலைப் பார்த்தபோதுதான் மூத்தவளுக்கு விஷயம் உறைத்தது. முதல் வரியில் வெங்காயம் நன்றாகத்தான் இருந்தது. வரி வரியாக எழுத்து சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் கடுகு நிஜமாகவே கடுகளவுக்கு வந்திருந்தது. டாக்டர் பார்க்கின்சன் என்றார். நடுக்கத்துக்கும் நடைக்கும் மாத்திரை இருக்கிறது, எழுத்து மட்டும் இனி பழையபடி வரும் என்று சொல்ல முடியாது என்றார். வரிசையாக எழுதினால் சுருங்கும். சுருங்குவது எழுதுகிறவருக்கே தெரியாது. அம்மா இதையெல்லாம் வேறு யாருடைய கேஸ் ஷீட்டோ போலக் கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். வெளியே வந்ததும், முப்பத்து நாலு வருஷத்தில் ரிஜிஸ்டரில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது தெரியுமா என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம்தான் ஸ்கேல் வெளியே வந்தது.

மூத்தவள் நோட்டில் பதினொரு வரிகளை நினைவிலிருந்து எழுதினாள். பத்தை அடித்தாள். மிச்சம் இருந்தது: 'பயப்படாதே. மூணு மணிக்கு வந்துடுவேன்.' இதை அம்மா கையால் எழுத வைத்து, அதன்மேலேயே குத்திக்கொள்ள வேண்டும். எழுத்து இன்னும் சுருங்குவதற்குள் நடக்க வேண்டும். இதை எப்படிக் கேட்பது என்று நான்கு நாள் ஒத்திகை பார்த்தாள். உடம்பு முடியாதவளிடம் 'உன் எழுத்து போய்விடும், அதற்குள் கொடு' என்று கேட்பதாக ஆகிவிடாதா? கடைசியில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் உளறிவிட்டாள்.

அம்மா முதலில் கேட்டது ஊசியைப் பற்றி. ஒரே ஊசியை எத்தனை பேருக்குப் போடுகிறார்கள், கொதிக்க வைக்கிறார்களா, மஞ்சள் காமாலை வந்தால் யார் பதில் சொல்வது. அதற்கெல்லாம் மூத்தவள் அச்சடித்த தாளில் பதில் வைத்திருந்தாள். அம்மா அதை முழுக்கப் படித்துவிட்டு, தானே வந்து இடத்தைப் பார்ப்பேன் என்றாள். பிறகு ஒரு மடிப்பு மடித்துவிட்டு, எழுதித் தருகிறேன், ஆனால் எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும் என்றாள்.

நாற்பது நாள் ஆயிற்று. மத்தியானங்களில் அம்மா அறையிலிருந்து பேனா உரசும் சத்தம் வரும். மூத்தவள் உள்ளே நுழைந்தால் ஒரு நோட்டு மூடிக்கொள்ளும். கேட்டால், மாத்திரைக் கணக்கு என்பாள்.

டாட்டூக் கடை ஒரு சலூனுக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. அதை நடத்துகிறவரை வாடிக்கையாளர்கள் மாஸ்டர் என்பார்கள். நாற்பது தாண்டிய கனத்த ஆள், கயிற்றில் கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு டாட்டூகூட இல்லை. அம்மாவுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. சொந்தக் கையிலே போட்டுக்காதவர் அடுத்தவங்களுக்கு எப்படிப் போடறார் என்று மகளின் காதில் கேட்டாள். மாஸ்டருக்கு அது கேட்டுவிட்டது. என் கைக்கு நானே போட்டுக்க முடியாதும்மா, அடுத்தவங்களை நம்பிக் கையை நீட்டற தைரியம் எனக்கு இல்லை என்றார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நடந்தது ஒரு வார்டு ரவுண்ட்ஸ்தான். ஊசிப் பொட்டலத்தைக் கண்முன்னால் பிரிக்கச் சொன்னாள். அதன் மேலிருந்த தேதியைப் படித்தாள். மைக் கிண்ணம் புதிதா, துடைக்கிற தாள் எங்கிருந்து வருகிறது, குப்பையில் ஊசிக்குத் தனி டப்பா இருக்கிறதா. எல்லாம் இருந்தது. மாஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு, சரிந்த கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

"கண்ணாடியைத் தொட்டுட்டீங்க," என்றாள் அம்மா.

மாஸ்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டினார். கொஞ்ச நேரத்தில் விளக்கை இழுத்தார். அம்மா பார்த்தாள். அவராகவே கழற்றினார். மூன்றாவது தடவை நாற்காலியை நகர்த்திவிட்டு, அம்மா வாய் திறக்குமுன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிவிட்டுப் புது ஜோடிக்குப் போனார். பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மாஸ்டர் முகத்தில் எரிச்சலே இல்லை. எந்த ஆஸ்பத்திரிம்மா நீங்க, என்று பிறகு கேட்டார். அந்தக் குரலில் மரியாதை இருந்தது.

எழுத வேண்டிய நேரம் வந்தது. மூத்தவள் கையை நீட்டினாள். அம்மாவோ பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, மாஸ்டரிடம் கொடுத்தாள்.

சின்னப் பிள்ளைகள் எழுதிப் பழகும் இரட்டைக் கோட்டு நோட்டின் தாள். அதில் அந்த வரி. தலை ஒரே உயரம், கால் ஒரே உயரம், உருட்டி உருட்டி, முத்து கோத்ததுபோல. ஒரு எழுத்துகூடச் சிறுக்கவில்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவே எழுதினால் சுருங்காது என்று பிசியோதெரபி பெண் சொன்னாளாம். அதைக் கேட்டு அம்மா ஒன்றாம் வகுப்பு எழுத்துப் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்து நாற்பது நாள் எழுதியிருக்கிறாள். மூன்று நோட்டு தீர்ந்ததாம்.

"உன் கையிலே ஆயுசுக்கும் இருக்கப் போறது. கோணல் மாணலா இருக்கலாமா?" என்றாள்.

மூத்தவள் தாளை எட்டிப் பார்த்தாள். முதலில் பெருமை. மாத்திரை வேலை செய்யும் இரண்டு மணி நேரத்தைக் கணக்குப் பார்த்து, அந்த இரண்டு மணி நேரத்திலும் தூங்காமல், அறுபது வயதில் ஒருத்தி மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். வேறு யாரால் முடியும்? அடுத்த நிமிடம் எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பதினொரு வருடம் எழுத்துகளையே பார்த்த கண் அது. இது அம்மா எழுத்து இல்லை. பயிற்சிப் புத்தகத்தின் எழுத்து. எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நாற்பது மத்தியானங்களை எப்படி வேண்டாம் என்பது?

மாஸ்டர் தாளைப் பிரதி எடுத்து, முடி மழித்துத் துடைத்த இடது கையில் அச்சுத்தாளை ஒட்டி உரித்தார். ஊதா நிறத்தில் வரி இறங்கியது. காய விட வேண்டும், பத்து நிமிடம் அசைக்காதீர்கள் என்றார். மூத்தவள் அதைப் பார்த்தாள். ரொம்ப அழகா இருக்கும்மா, சின்ன வயசிலே இதைப் படிச்சுட்டுத்தான் நான் பயப்படாம இருப்பேன் என்றாள்.

"அதுதான் எனக்குப் புரியவே இல்லை," என்றாள் அம்மா. "நான் பயப்படாதேன்னு எழுதினதே கிடையாதே."

"எழுதியிருக்கே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"மூணுக்கு வருவேன்னு எழுதியிருப்பேன். அதுவும் '3.00 வருவேன்'னுதான். நீ பயப்படறேன்னு தெரிஞ்சிருந்தா எப்படி டியூட்டிக்குப் போயிருப்பேன்? அந்த நினைப்பே வரக் கூடாதுன்னு வச்சிருந்தேன்."

"அப்போ ஏன் இதை எழுதினே?"

"நீ கேட்டே. எழுதினேன்."

மூத்தவள் ஊதா வரியைக் குனிந்து பார்த்தாள். எழுத்தும் அம்மாவுடையதில்லை, வார்த்தையும் அம்மாவுடையதில்லை. தானே இட்டுக்கட்டியதை முதுகு வலிக்க வலிக்க அம்மாவை எழுத வைத்திருக்கிறாள். பிழை பார்க்கிறவள் என்று பெயர். இனி என்ன செய்வது? இப்போது நிறுத்தினால் அம்மா தன் எழுத்தில் குறை என்று நினைப்பாள். நிறுத்தாவிட்டால் சாகும்வரை இந்த முத்து எழுத்தைச் சுமக்க வேண்டும். மாஸ்டர் மிஷினில் ஊசியைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம்தான் இருந்தது.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. தம்பி. கப்பல் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னாடியே கரைக்கு வந்துவிட்டது, எட்டு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறான், நாளை விடியற்காலை பஸ், கையில் சாவி இல்லை. மாத்திரை போட்டு அயர்ந்து தூங்குகிற அம்மாவுக்கு அழைப்பு மணி கேட்காது என்று அவனுக்கும் தெரியும். இரு இரு, எத்தனை மணிக்கு, என்று அம்மா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கைக்கு எட்டுகிற இடத்தில் காகிதம் இல்லை. மகளின் வலது கை மடியில் சும்மா கிடந்தது. அதைப் பிடித்துத் திருப்பி, தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, சரசரவென்று எழுதினாள். பேனாவை வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று மகனிடம் பேச்சைத் தொடர்ந்தாள்.

பத்து விநாடிகூட ஆகியிருக்காது. பேனா முனை கூசியது. மூத்தவள் அசையவில்லை.

'6.20 தம்பி. கதவைத் திற.'

ஆறின் வயிறு பெரிதாக, கொஞ்சம் சாய்ந்து. தம்பியின் 'த' வால் வரிக்குக் கீழே சீறி இறங்கியிருந்தது. புள்ளி வைக்கப் பொறுமையில்லாமல் ஒரு சின்னக் கீறல். எல்லாம் அதே கை. 'கதவை' பாதி உயரம்தான். 'திற' எறும்பு மாதிரி போயிருந்தது. சுருங்கினால் என்ன, அது யார் எழுத்து என்று இருட்டில் தடவிச் சொல்லிவிடலாம்.

"மாஸ்டர்," என்றாள் மூத்தவள். "இது வேண்டாம். இதைப் போடுங்க." வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். "என்ன பேசறே? அது பஸ் டைம்."

"தெரியும்."

"பைத்தியமா உனக்கு? ஊர்லே ஒவ்வொருத்தர் சாமி படம் போடறாங்க, புலி போடறாங்க. நீ போய்க் கையிலே பஸ் டைமைக் குத்திக்கிட்டு வருவியா?"

போனுக்குள்ளிருந்து தம்பி, என்ன நடக்கிறது அங்கே என்று கத்தினான். அம்மா ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த பஸ் எப்பவும் அரை மணி லேட்டு, அக்காவை 6.50னு போட்டுக்கச் சொல்லு என்றான். பெஞ்சில் இருந்தவர்களும் இப்போது எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. மகளின் வலது கையைப் பிடித்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தான் எழுதியதைத் தானே முதன்முறையாகப் பார்த்தாள்.

"கடைசியிலே பார். என்னன்னே தெரியலை," என்றாள் மெதுவாக. "இதையா எல்லாரும் பார்க்கணும்?"

"இதை எழுதும்போது நீ யோசிச்சியாம்மா?"

"யோசிக்க எங்கே நேரம்? அவன் லைன்லே இருக்கான்."

"அப்பவும் உனக்கு நேரம் இல்லைதானே. டியூட்டிக்கு ஓடற அவசரத்திலே எழுதுவே. எனக்கு அந்த எழுத்துதான் வேணும். இடது கையிலே இருக்கிறது கோடு போட்ட நோட்டு எழுத்து. நீ நாற்பது நாள் கஷ்டப்பட்டதுக்கு இதைச் சொல்லவே கூசுது. ஆனா அது நீ இல்லை."

இடையில் மாஸ்டர் தொழில் பேசினார். பால்பாயிண்ட் மேலேயே குத்த முடியாது, படம் பிடித்து அச்செடுக்க வேண்டும். அது பிரச்சினை இல்லை. பிரச்சினை அந்தக் கடைசி வார்த்தை. இந்த அளவில் 'தி'யின் வளைவுக்குள் இடமே இல்லை. தோலில் மை கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும், பத்து வருடத்தில் உள்ளே மூடிக்கொண்டு கரும்புள்ளி ஆகிவிடும். கம்ப்யூட்டரில் கடைசி வார்த்தையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுக்கட்டுமா, யாருக்கும் தெரியாது என்றார்.

மூத்தவள் தயங்கினாள். தெரியாதுதான். ஆனால் தனக்குத் தெரியும். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாஸ்டரைப் பார்த்தாள்.

"முப்பத்து நாலு வருஷம் டாக்டருங்க எழுத்தைப் படிச்சு மருந்து கொடுத்திருக்கேன்," என்றாள் அம்மா. "என் பொண்ணு என் எழுத்தைப் படிக்க மாட்டாளா? மூடினா மூடட்டும். எழுதினதை அப்படியே போடுங்க."

பிறகு எழுந்தாள். எந்த ஸ்பிரிட், காட்டுங்கள் என்று மாஸ்டரிடம் வாங்கி, பஞ்சை நனைத்தாள். படம் பிடித்து முடித்ததும் வலது கையில் தான் எழுதியதை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகத் துடைத்தாள். அடுத்து இடது கை. நாற்பது நாள் எழுத்தையும் அதே மாதிரி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. ஊதா மை லேசில் போகவில்லை. மூன்று பஞ்சு ஆயிற்று. அவள் கை நடுங்கியது. துடைப்பது மட்டும் ஒரு இடம் விடாமல் துடைத்தது. அதைப் பார்க்க முடியாமல் மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, பெரிய நிபுணரின் வேலையைப் பார்ப்பதுபோல நின்றிருந்தார்.

புது அச்சுத்தாளை எங்கே ஒட்டுவது என்று மாஸ்டர் கேட்க, கடிகாரம் கட்டற இடத்துக்கு ரெண்டு விரல் மேலே, எப்பவும் அங்கேதான் ஆரம்பிப்பேன் என்று அம்மா தன் இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். ஸ்கேல் தேவைப்படவில்லை.

மாஸ்டர் வரியின் கடைசியிலிருந்து தொடங்கினார். முதலிலிருந்து தொடங்கினால் துடைக்கத் துடைக்க மிச்ச அச்சு அழிந்துவிடுமாம். அதனால் எறும்பு எழுத்துதான் முதலில் வந்தது. இருப்பதிலேயே மெல்லிய ஊசியைப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, 'ற'வை ஒரே இழுப்பில் முடித்தார். மூத்தவளுக்குச் சுளீரென்றது. எறும்பு கடிப்பது மாதிரி இருக்கும் என்று சொன்னவர்கள் எந்த எறும்பைப் பார்த்தார்களோ. அம்மா மறுபக்கம் உட்கார்ந்து அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் நடுக்கம் ஊசி ஏறுகிற இடது கைக்குப் போகவில்லை. 'தி'யில் மாஸ்டர் அதிக நேரம் எடுத்தார். வளைவை முழுதாக மூடாமல், ஒரு மயிரிழை இடம் விட்டார். அம்மா முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, ரத்தமே வராமப் போடறீங்களே, எங்க வார்டிலே இந்தக் கை கிடைச்சிருந்தா குழந்தைங்களுக்கெல்லாம் ஊசி போட உங்களைத்தான் கூப்பிட்டிருப்பேன் என்றாள். மாஸ்டரின் காது சிவந்தது. அதன்பிறகு அவர் இன்னும் மெதுவாகப் போட்டார்.

பின்னாலிருந்து முன்னால் போகப் போக எழுத்து வளர்ந்தது. 'கதவை' நிமிர்ந்தது. தம்பி வந்தான், வால் சீறிக்கொண்டு. தம்பியின் பக்கத்தில் ஒரு கரும்பொட்டு இருந்தது. இது முற்றுப்புள்ளியா, பேனா தட்டியதா என்று மாஸ்டர் கேட்டார். அம்மா யோசித்து, பேனா தட்டினதுதான், விட்டுடுங்க என்றாள். மூத்தவள் போடச் சொன்னாள். போட்டார். கடைசியாக அந்தப் பெரிய வயிற்று ஆறு.

ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மாஸ்டர் கழுவித் துடைத்து, மெல்லிய தாளை மூடி, நாலு பக்கமும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டினார். எப்போது பிரிப்பது, எதில் கழுவுவது என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல அம்மா மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். பிறகு பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தேதி எங்கே?"

மாஸ்டருக்குப் புரியவில்லை.

"கட்டு போட்டா மேலே தேதி, நேரம், போட்டவங்க கையெழுத்து இருக்கணும். நாளைக்குப் பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இங்கே அப்படி வழக்கமில்லை என்று அவர் சொல்வதற்குள் அம்மா பேனாவை எடுத்துவிட்டாள். பெஞ்சில் இருந்த இருவர், மாஸ்டர், மகள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பிளாஸ்டர்மேல் தேதியையும் நேரத்தையும் எழுதினாள். கண்ணாடி மறந்துவிட்டது என்று சொல்லவில்லை. தேதி பெரிதாக ஆரம்பித்து, நேரம் ஓரத்தில் போய்ச் சுருண்டது. சுருண்டால் என்ன என்பதுபோல அதன்கீழே ஒரு கோடு இழுத்து, பேனாவை மாஸ்டரிடம் நீட்டினாள். போட்டது நீங்கதானே, கையெழுத்துப் போடுங்க.

மாஸ்டர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கோட்டின் கீழே கையெழுத்துப் போட்டார். அம்மா கண்ணாடியை மேலே ஏற்றி, குனிந்து அதைப் படிக்க முயன்றாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"என் எழுத்தே தேவலை போலிருக்கே," என்றாள்.